‘டீர்’ மானாகச் சுருங்கியது ஏன்?

1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் லேவியராகமம் இரண்டாம் அதிகாரத்தில் ‘மீட் ஆஃபரிங்’ என்றொரு காணிக்கை வருகிறது. அதில் இறைச்சி எள்ளளவும் இல்லை. மெல்லிய மாவும் எண்ணெயும் தூபவர்க்கமுமே உண்டு. இக்கால ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இங்கே திகைப்பார். ‘போஜனபலி’ என்று தமிழில் படித்தவருக்கு அந்தத் திகைப்பு நேராது. அன்றைய ‘மீட்’ உணவு அனைத்துக்குமான பொதுச்சொல். அதன் உடன்பிறப்பான சுவீடிஷ் ‘மாட்’ இன்றும் உணவையே குறிக்கிறது. 1885-இன் திருத்திய பதிப்பு அந்தக் காணிக்கையை ‘மீல் ஆஃபரிங்’ என மாற்றியது.

இதே வழியில் சுருங்கிய சொற்கள் இன்னும் மூன்று. ‘டீர்’ பழைய ஆங்கிலத்தில் எந்த விலங்குக்கும் பெயர். ‘ஃபவுல்’ எந்தப் பறவைக்கும், ‘ஹவுண்ட்’ எந்த நாய்க்கும் பெயர். ஜெர்மனில் ‘டீயர்’, ‘ஃபோகல்’, ‘ஹுண்ட்’ ஆகியவை இன்றும் அந்தப் பரந்த பொருளிலேயே நிற்கின்றன.

1066-இன் நார்மானியப் படையெடுப்பைக் காரணம் காட்டுவது எளிது. ஆண்டவர்களின் பிரெஞ்சுச் சொல் வந்தமர, நாட்டுச்சொல் மூலைக்கு ஒதுங்கியது என்பது வாதம். மாடு உயிரோடிருக்கையில் ஆங்கிலப் பெயரும் உணவு மேசையில் பிரெஞ்சுப் பெயரும் பெறுவதை வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ (1819) பரப்பியதிலிருந்து இவ்விளக்கத்துக்குச் செல்வாக்கு அதிகம். ஆனால் நம் நான்கு சொற்களில் மூன்றுக்கு இது பொருந்தவில்லை. ‘மீட்’டின் இடத்தைப் பிடித்த ‘ஃபூட்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ‘ஃபவுல்’ இடத்துக்கு வந்த ‘பேர்ட்’, ‘பிரிட்’ என்ற வடிவில் முன்பு குஞ்சை மட்டும் குறித்தது. ‘ஹவுண்ட்’டை விலக்கிய ‘டாக்’ எதிலிருந்து பிறந்தது என்பது தெளிவாகவில்லை. எனினும் அது பழைய ஆங்கிலத்திலேயே, அரிதாக, வழங்கியதற்குச் சான்றுண்டு. ‘டீர்’ ஒன்றுக்குத்தான் பிரெஞ்சுப் போட்டி: ‘பீஸ்ட்’. அதன் பொதுப்பொருளையும் பின்னர் லத்தீன்வழி வந்த ‘அனிமல்’ பெரிதும் எடுத்துக்கொண்டது. 1611 விவிலியத்தில் ‘அனிமல்’ ஓரிடத்திலும் இல்லை.

போட்டிச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, பழைய சொல் எங்கே போய் ஒண்டிக்கொண்டது என்பதே முக்கியம் என நான் கருதுகிறேன். வேட்டைக்காரருக்கு ‘டீர்’ என்றால் முதலில் கண்ணில் நிற்பது மான். ‘ஹவுண்ட்’ அதைத் துரத்தும் நாய். ‘ஃபவுல்’ தின்னத்தக்க பறவையிலும், ‘மீட்’ விருந்தின் தலையாய பண்டத்திலும் போய் நின்றன. ஓரிடத்தில் மிகுதியாகக் கையாளப்படும் பொருள் பொதுப்பெயரைத் தனதாக்கிக்கொள்கிறது. 1087-இல் நார்மானிய மன்னன் வில்லியம் இறந்தபோது அவனது மான்பற்றைக் கடிந்த ஆங்கில ஆண்டுக்குறிப்பு, ‘உயர்ந்த டீர்’ என்று அடைகொடுத்தே அந்த மான்களைச் சொல்கிறது. தனிச்சொல் இன்னும் மானுக்கே உரியதாகிவிடவில்லை என்பதற்கு இது நல்ல அறிகுறி.

அந்த வேட்டைக்காட்டை வேலியிட்டவர்களே நார்மானியர்தானே என்று மறுக்கலாம். அவர்களது வனச்சட்டம் இச்சுருக்கத்தை விரைவுபடுத்தியிருக்கக்கூடும். ஆனால் நார்மானியர் வாடையே படாத வடமொழியிலும் இதுவே நடந்திருக்கிறது. ‘மிருக’ என்பது ரிக்வேதத்தில் காட்டு விலங்கு. பின்னர் அது மானுக்கு உரியதாயிற்று. வேட்டைக்குப் பெயர் ‘மிருகயா’. தமிழ் இரண்டு படிகளையும் காத்துவைத்திருக்கிறது: ‘மிருகம்’ நமக்கு எவ்விலங்கும் ஆகலாம், மிருகசீரிடமோ மான்தலைதான்.

பழம்பொருள் ஒரேநாளில் அழிவதுமில்லை. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் பித்தனாக வேடமிட்ட எட்கர், தான் தின்ற எலிகளையும் சுண்டெலிகளையும் ‘டீர்’ இனத்தில் சேர்க்கிறான். அவ்வடி அதனினும் பழைய பெவிஸ் என்ற வீரகாவியத்திலிருந்து வந்தது. அதனால்தான் பழைய பொருள் அதில் தங்கியது. அதைத் தமிழாக்குபவர் ‘மான்’ என்று எழுதினால் பிழை. ‘பிராணி’ என்பதே சரி.