கிழங்குத் தண்ணீர் போகும் வழி

கழக்கூட்டத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் பழைய நெடுஞ்சாலையில் காரியவட்டத்தைத் தாண்டினால் ஸ்ரீகாரியம். 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருப்பது அங்கேதான். தென்னமெரிக்காவில் பிறந்த மரச்சீனி என்ற மரவள்ளிக்கிழங்கை 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பினார். மரச்சீனியின் எச்-226, எச்-165 என்ற கலப்பினங்களை 1971இல் இந்த நிலையம் வெளியிட்டது. அவை மலை தாண்டி வந்து சேலம், நாமக்கல், தர்மபுரிக் காடுகளில் குச்சிக்கிழங்காக விளைந்தன.

அங்குள்ள சேகோ ஆலைகளில் அந்தக் கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, சலித்து, அந்தப் பாலைத் தொட்டியில் தெளியவிடுகிறார்கள். அடியில் படியும் மாவு ஜவ்வரிசியாகிறது. மேலே நிற்கும் நீர் வாய்க்காலில் இறங்குகிறது.

பிடிபடாத மாவும் கரைந்த சர்க்கரையும் கிழங்கின் சயனைடும் அந்த நீரில் உண்டு. சுத்திகரிக்காமல் விட்டால் அது புளித்து நாறும். குளத்தில் சேர்ந்தால், அந்த மாவைத் தின்னும் நுண்ணுயிர்களே நீரின் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். மீன் செத்து மிதக்கும்.

ஆனால் காற்றுப் புகாத கலனில் அதைப் புளிக்கவைத்தால் ஹைட்ரஜன் பிறக்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து கணக்குப்படி பன்னிரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வரலாம். புளிப்பு அதிகபட்சம் நான்கைத்தான் தரும். மீதி அசெட்டேட் போன்ற அமிலங்களில் சிக்கிக்கொள்ளும்.

அந்தப் பூட்டை 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழுவும், நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்களும் தனித்தனியே திறந்தார்கள். ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் நேர்மின்வாயில் ஒட்டி வளர்ந்து, அசெட்டேட்டைத் தின்று, எலக்ட்ரான்களை அந்த மின்வாய்க்கே கொடுக்கின்றன. வெளியிலிருந்து சிறிது மின்னழுத்தம் சேர்த்தால், எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் குமிழியிடும். நீரைப் பிளக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். இதற்குக் கணக்குப்படி 0.14 வோல்ட் போதும். நடைமுறையில் கூடுதலாகத் தேவைப்பட்டாலும் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

ஆய்வகத்தை விட்டு வெளியே வந்ததும் இடர் தொடங்கியது. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில், ஒயின் ஆலைக் கழிவுநீரில் இத்தகைய 1,000 லிட்டர் கலனை ஓட்டிய சோதனையின் முடிவு 2011இல் வெளியானது. பிறந்த ஹைட்ரஜனை வேறு நுண்ணுயிர்கள் உண்டுவிட்டதால், கிடைத்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அந்த நுண்ணுயிர்களை அடக்குவதும், பிளாட்டினத்துக்குப் பதில் மலிவான மின்வாய் காண்பதும் இன்றும் தீராத வேலைகள்.

சேகோ ஆலைகள் பல இந்த நீரிலிருந்து சாண எரிவாயுக் கலன் போன்ற அமைப்பில் மீத்தேன் எடுத்துப் பழகியவை. கழிவுநீரைக் கலனில் அடைத்துப் பேணும் கைப்பழக்கம் அங்கே இருக்கிறது. புதிய முறையைச் சோதிக்க அதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

2023இல் ஒப்புதல் பெற்ற இந்தியாவின் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியை இலக்காக வைத்தது. நீரைப் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கக் குறைந்தது ஒன்பது லிட்டர் தூய நீர் செலவாகும். கிழங்குத் தண்ணீர் வழியோ அழுக்கு நீரில் தொடங்கி அதன் அழுக்கைக் குறைக்கிறது. கிடைக்கும் வாயுவை மட்டும் எடைபோட்டால் இது சிறியதாகவே தோன்றும். ஆலையை விட்டு வெளியேறும் நீர் எவ்வளவு தெளிந்தது என்பதையும் சேர்த்தே இதற்கு விலை போட வேண்டும். தண்ணீர்ப் பஞ்சம் அறிந்த சேலத்துக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.