அக்கா சாப்பிடக்கூடாத பின்வீல்: புகையூட்டிய சால்மனின் கதை

போன மாசம் எங்க வீட்ல ஒரு சின்ன விருந்து. அக்காவுக்கு ஏழாம் மாசம். வளைகாப்புக்கு முன்னாடி, நெருங்கின சொந்தம் மட்டும் பன்னிரண்டு பேர். சமையல் முழுக்க அம்மா. "ஸ்டார்ட்டர் நான் பண்றேன்மா"ன்னு நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்.

நான் தேர்ந்தெடுத்தது ஸ்மோக்டு சால்மன் பின்வீல். பெயர்தான் பெரிசு, வேலை சுலபம். ஒரு மைதா டார்ட்டியா, சப்பாத்தி மாதிரிதான். அதன் மேல் க்ரீம் சீஸ், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, பொடியாக நறுக்கிய டில், அதாவது நம்ம சதகுப்பைக் கீரை. அதற்கு மேல் காகிதம் மாதிரி மெல்லிசான சால்மன் துண்டுகள். பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, அப்புறம் வில்லை வில்லையாக வெட்ட வேண்டும். வெட்டின பக்கம் குழந்தைகளோட காகிதக் காற்றாடி மாதிரி சுழி தெரியும். பின்வீல்ன்னா காற்றாடிதானே. முதல் சுருளை அந்த ஒரு மணி நேரம் பொறுக்காமல் வெட்டினேன், சீஸ் எல்லாம் பிதுங்கி கத்தியில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது ஒழுங்காக வந்தது.

அப்பதான் அம்மா வந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாங்க. "இது வேகவே இல்லையேடா. மாசமா இருக்கிறவளுக்கு இதையா குடுக்கப் போற?"

"புகை போட்டதும்மா, கெடாது"ன்னு ரொம்ப நம்பிக்கையா சொல்லிட்டேன். சொல்லிட்டு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தா: குளிரில் வைக்கவும், பிரித்த பிறகு சீக்கிரம் சாப்பிடவும். புகைதான் மீனைக் காப்பாற்றுது என்றால் ஃபிரிட்ஜ் எதுக்கு? இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விதான்.

அடிப்படை நமக்குத் தெரிந்ததே. பாக்டீரியாவுக்கு தண்ணீர் வேணும். உப்பு மீனுக்குள் இருக்கும் தண்ணீரை இழுத்து வெளியே எடுக்கும், மிச்சத்தை பாக்டீரியா பயன்படுத்த முடியாதபடி செய்யும். கருவாட்டின் கணக்கும் இதுதான். புகை அதுக்கு மேல ஒரு பூச்சு: அதில் இருக்கும் ஃபீனால் வகை வேதிப்பொருட்கள் மீனின் மேற்பரப்பில் படிந்து கிருமியைத் தடுக்கும், கொழுப்பு சிக்குவாடை அடிக்காமல் பார்த்துக்கொள்ளும். சால்மன் கொழுப்பு நிறைந்த மீன், அதனால் இது முக்கியம். பின்வீலில் போடுவது கோல்டு ஸ்மோக் வகை. சுமார் 30 டிகிரிக்குக் கீழே புகை மட்டும் காட்டுவது. மீன் வேகாது. அம்மா பார்த்தது சரிதான்.

(இடையில் ஒன்று. நம்ம சந்தையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது காலா மீன். அதுக்கும் இதுக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது.)

இனி அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றுக்குப் போவோம். சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்பும் மீன். ஓரிகன், வாஷிங்டன் எல்லையில் செலைலோ என்ற அருவி. மேலே ஏறும் மீன் எல்லாம் அந்தப் பாறை இடுக்குகளைத் தாண்டித்தான் போகணும். பழங்குடி மக்கள் பாறை மேல் மரச்சாரம் கட்டி, நீளக் கம்பு வலையால் மீனை அள்ளினார்கள். அங்கே மனிதர்கள் மீன் பிடித்தது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். 1805 அக்டோபரில் லூயிஸ், கிளார்க் பயணக்குழு அந்தப் பக்கம் வந்தபோது, காயவைத்து இடித்த சால்மன் கூடை கூடையாக அடுக்கியிருப்பதைப் பார்த்தது. பள்ளத்தாக்கில் அடிக்கும் காய்ந்த காற்றிலேயே மீனை உலர்த்தி, இடித்து, மீன் தோல் விரித்த கூடையில் அழுத்தி வைத்தால் வருஷக்கணக்கில் தாங்கும். அது வியாபாரச் சரக்கும்கூட. பல திசைகளில் இருந்து ஆட்கள் வந்து கூடும் பெரிய சந்தை அது.

1855ல் அரசு அந்த மக்களோடு உடன்படிக்கைகள் போட்டது. பெரும்பகுதி நிலம் அரசுக்குப் போனது. ஆனால் வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களில் தொடர்ந்து பிடிக்கும் உரிமையை அவர்கள் விட்டுக் கொடுக்கவில்லை, அது உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்க, திரும்ப வருவோம்.

1866ல் கொலம்பியா ஆற்றங்கரையில் முதல் சால்மன் டப்பா ஆலை வந்தது. 1883ல் அந்த ஒரே ஆற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள். அந்த வருஷம் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் வெளியே போயின. ஒரு பெட்டிக்கு 48 டப்பா, ஒரு டப்பா ஒரு பவுண்டு. நீங்களே பெருக்கிக்கோங்க. இன்னொரு பக்கம், மீனை உப்பில் போட்டு சுமார் 800 பவுண்டு பிடிக்கும் பெரிய பீப்பாய்களில் அடைத்து ரயிலில் கிழக்கே அனுப்பினார்கள். 1869லேயே கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதை தயாராகிவிட்டது.

கிழக்கே நியூயார்க்கில் அதை வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வந்த யூத ஏழைகள். உப்பு மீன் அவர்களுக்குப் பழகின சாப்பாடு. யித்திஷ் மொழியில் சால்மனுக்கு 'லாக்ஸ்' என்று பெயர், இன்றைக்கும் நியூயார்க்கில் அதுதான் புழக்கம். உண்மையான லாக்ஸில் புகையே கிடையாது, உப்பு மட்டும். சாப்பிடும் முன் தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கணும், அவ்வளவு கரிப்பு. அப்போ க்ரீம் சீஸ் எங்கிருந்து வந்தது? யூத உணவு விதிப்படி இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சாப்பிடக்கூடாது. ஆனால் செதிலும் துடுப்பும் உள்ள மீன் அந்த இறைச்சிக் கணக்கில் வராது. பாலாடைக்கட்டியோடு சேர்க்கலாம். 1872 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால் வியாபாரி தயாரிக்க ஆரம்பித்த க்ரீம் சீஸ், பின்னாளில் இந்தக் கரிப்பான மீனுக்கு ஜோடியானது. என் டார்ட்டியாவுக்குள் இருக்கும் சேர்க்கை யாரோ ஒரு ஹோட்டல் செஃப் யோசித்தது இல்லை. மத விதியும் மலிவு விலையும் சேர்ந்து முடிவு பண்ணினது.

என் கேள்விக்கான திருப்பம் லண்டனில்தான் இருக்கு. அங்கேயும் ஈஸ்ட் எண்டு பகுதியில் இதே மாதிரி வந்து குடியேறியவர்கள். 1905ல் ஹாரி ஃபோர்மன் என்பவர் அங்கே மீனுக்குப் புகை போடும் தொழிலைத் தொடங்கினார். அந்தக் குடும்பத் தொழில் இன்னும் நடக்குது. ஆரம்பத்தில் இவர்களுக்கும் பால்டிக் கடல் பக்கம் இருந்து உப்பிட்ட மீன் பீப்பாயில்தான் வந்தது. கொஞ்ச நாளில்தான் கண்ணில் பட்டது, பில்லிங்ஸ்கேட் மீன் சந்தைக்கு கோடைதோறும் ஸ்காட்லாந்தில் இருந்து புத்தம் புது சால்மன் வருகிறது என்று. மீன் புதுசு, வாங்கும் ஆளும் பக்கத்திலேயே. அப்புறம் எதுக்கு அவ்வளவு உப்பு? உப்பைக் குறைத்தார்கள், புகையைக் குறைத்தார்கள். மீனின் ருசி மேலே வந்தது. பணக்காரர்களின் மேசைக்குப் போனது. ஏழையின் உப்பு மீன் ஆடம்பரமானது இப்படித்தான்.

அதுக்கப்புறம் குளிர்சாதனம் வீடு வரைக்கும் வந்தது. இன்று கடையில் வாங்கும் ஸ்மோக்டு சால்மனில் உப்பு சுமார் 3 சதவீதம். அது ருசிக்கு. புகை வாசனைக்கு. காப்பாற்றும் வேலையில் பெரும்பகுதியை ஃபிரிட்ஜுக்குக் கொடுத்தாச்சு. பெயர் மட்டும் பழைய வேலையின் பெயர். நம்ம துறையில் இதைத் தினமும் பார்க்கிறோம், உள்ளே இருக்கிற கோடு முழுக்க மாறியிருக்கும், ஃபங்ஷன் பெயரை மட்டும் யாரும் மாற்றியிருக்க மாட்டாங்க.

செலைலோவுக்கு வருவோம். அருவிக்குக் கீழே டாலஸ் அணை கட்டினார்கள், மின்சாரத்துக்காகவும் கப்பல் போக்குவரத்துக்காகவும். 1957 மார்ச் 10 அன்று மதகுகளை மூடினார்கள். சில மணி நேரத்தில் அருவி தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. சத்தமும் நின்றுபோனது. யாகமா, உமட்டிலா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் மக்களுக்கு சுமார் 2.68 கோடி டாலர் நஷ்ட ஈடு. நான் இதைப் பல தடவை படித்துவிட்டேன், அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று எனக்கு இன்னும் புரியலை. உடன்படிக்கையில் எழுதிக் கொடுத்த உரிமை அப்படியே இருந்தது, மீன் பிடிக்க அந்த இடம்தான் இல்லை. 2008ல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் ஒலி அலை வைத்து ஏரியின் அடியை அளந்தபோது, அந்தப் பாறைகள் உடையாமல் அப்படியே கீழே இருப்பது தெரிந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். 1970ல் நார்வேயின் ஹிட்ரா தீவில் க்ரொன்ட்வெட் சகோதரர்கள் கடலில் வலைக்கூண்டு போட்டு சால்மன் வளர்ப்பதில் வெற்றி பெற்றார்கள். இன்று உலகம் முழுக்க கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி அப்படி வளர்த்த மீன்தான். சென்னையில் என் கையில் இருந்த பாக்கெட்டும் நார்வே சரக்கு.

இப்போ அம்மாவின் கேள்வி. லிஸ்டீரியா என்று ஒரு பாக்டீரியா. மற்ற பல கிருமிகள் குளிரில் அடங்கிக் கிடக்கும்போது, இது ஃபிரிட்ஜின் 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகும். இந்த அளவு உப்பு அதைத் தடுக்கப் போதாது, கோல்டு ஸ்மோக்கில் மீன் வேகாததால் சாவதும் இல்லை. நமக்கு வந்தால் பெரும்பாலும் காய்ச்சலோடு போகலாம். கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தையே போகலாம். அதனால்தான் பல நாடுகளின் உணவுத் துறைகள், கர்ப்பமாக இருப்பவர்கள் இதைச் சமைக்காமல் சாப்பிட வேண்டாம் என்று சொல்கின்றன. ரெசிபி சொன்ன எந்த வீடியோவிலும் இதை நான் கேட்டதில்லை. பார்த்த உடனே சொன்னது அம்மாதான்.

அக்கா தட்டைப் பார்த்துட்டு, "டேய், எனக்காக வச்ச விருந்துல எனக்கே கிடையாதா?"ன்னு கேட்டா. ஓடிப்போய் சூப்பர் மார்க்கெட்டில் டப்பா சால்மன் ஒன்று வாங்கி வந்தேன். டப்பாவை மூடின பிறகு அதிக சூட்டில் வேகவைப்பார்கள், அதனால் அந்தக் கிருமி தங்காது. உதிர்த்து, புதுசாகப் பிரித்த க்ரீம் சீஸோடு பிசைந்து, அதே டார்ட்டியாவில் சுருட்டினேன். சுழி அவ்வளவு அழகா வரலை. ஆறு வில்லை சாப்பிட்டுட்டு, மிச்சத்தை மாமா எடுக்கிறதுக்குள்ள தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா.