மெட்டு யாரிடம் இருந்தது? தென்னார்க்காட்டுத் தெருப்பாட்டும் அதைக் கேட்டவர்களும்

தெருவில் விற்ற பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைமாட்டில் பெரும்பாலும் ஒரு பொடி வரி இருக்கும்: இன்ன பாட்டின் மெட்டு. அதோடு சரி. ஸ்வரம் எழுதியிருக்க மாட்டார்கள். ராகம், தாளம் இருந்தாலும் பெயரளவில்தான் இருக்கும். அந்த மெட்டு தெரியாதவருக்குப் புத்தகம் ஊமைக் காகிதம். தெரிந்தவர் வாங்கிய இடத்திலேயே நின்று பாடிவிடலாம். அப்படியென்றால் அச்சிட்டவர் மெட்டை எங்கே சேமித்து வைத்திருந்தார்? கேட்பவர்களின் நினைவில்தான். தெருப்பாட்டின் வரலாற்றைப் பாடியவர், எழுதியவர், அச்சிட்டவர் பக்கமிருந்து பலர் எழுதிவிட்டார்கள். கேட்டவர்கள் பக்கமிருந்து அதைப் பார்க்க முயல்கிறது இந்தக் கட்டுரை. அதற்குக் கம்மாபுரமும் விருத்தாசலமும் உள்ள பழைய தென்னார்க்காடு மாவட்டம் நல்ல நிலைக்களம். 1993இல் அது கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகப் பிரிந்தது. பாட்டுக்கு அந்த எல்லை கிடையாது.

அச்சுக்கு முந்தைய காலத்தில் தொடங்கலாம். செஞ்சியை ஆண்ட இளைஞன் தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு மோதி மாண்டான். ஆட்சி சில மாதங்கள்தான். தோல்வியோ முழுத் தோல்வி. அரசியல் வரலாற்றில் சில பத்திகளுக்கு மேல் இடம்பெறாத ஒருவனைத் தென்னார்க்காட்டு மக்கள் இருநூறு, முந்நூறு ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவனோடு அவன் குதிரையையும் முகமதிய நண்பனையும் உடன்கட்டை ஏறிய மனைவியையும் சேர்த்தே பாடுகிறார்கள். இராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அவள் நினைவில் வந்தது என்பது வழங்கும் செய்தி. வென்றவனுக்குப் பாட்டு இல்லை. யாரைப் பாடவேண்டும் என்பதை அரண்மனை முடிவு செய்திருந்தால் இப்படி நேர்ந்திராது. திண்ணையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டவர்களின் விருப்பமே தேசிங்கைக் காப்பாற்றியது என்று நான் கருதுகிறேன்.

இதே மண்ணில்தான் கூத்து வேர்விட்டது. திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும் வழக்கத்தை ஆல்ஃப் ஹில்டெபைட்டல் செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்து ஆராய்ந்தார். அந்த ஆய்வின் முதல் தொகுதி 1988இல் வந்தது. சடங்கையும் தொன்மத்தையும் அவர் விரிவாகப் பேசுகிறார். இங்கே நமக்கு வேண்டியது களரியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள். விடியவிடிய நடக்கும் கூத்தில் எந்த இடத்தில் எந்தப் பாட்டு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். வாத்தியார் விருத்தத்தை இழுக்கும்போதே அடுத்த தரு எப்படி எடுக்கும் என்று காத்திருப்பார்கள். பிடித்துவிட்டால் பணம் கொடுப்பார்கள்; கொடுத்தவர் பெயரைக் கட்டியங்காரன் சபையில் சொல்வான். பாட்டு நடுவில் நின்று, பெயர் சொல்லப்பட்டு, மறுபடி தொடங்கும். இதை இடையூறு என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு இது கேட்பவனும் ஆட்டத்துக்குள் வரும் வாசலாகத் தெரிகிறது.

இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த 1835ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை குஜிலிக் கடைத்தெருவை ஒட்டிய அச்சகங்களிலிருந்து பாட்டுப் புத்தகங்கள் வெள்ளமாகக் கிளம்பின. மட்டமான காகிதம், 8 அல்லது 16 பக்கம், காலணா அரையணா விலை. ஆ. இரா. வேங்கடாசலபதி இவற்றை 'முச்சந்தி இலக்கியம்' என்று பெயரிட்டு ஆராய்ந்தார். படித்தவர்கள் இகழ்ந்து ஒதுக்கிய இந்தக் காகிதங்களைச் சேர்த்துவைத்த தனிமனிதர்களில் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் முக்கியமானவர். 1994இல் அவர் சேகரிப்பைக் கொண்டு சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகம் இல்லாவிட்டால் இத்துறையில் பேசச் சான்றே குறைந்திருக்கும்.

புத்தகம் கடையில் விற்றதைவிடச் சந்தையிலும் திருவிழாவிலும் ரயிலடியிலும் விற்றது அதிகம். பெரும்பாலும் இருவர் வருவார்கள். ஒருவர் டேப் என்ற கைப்பறையை அடித்துப் பாடுவார், மற்றவர் கூட்டத்துக்குள் புத்தகம் கொடுத்துக் காசு வாங்குவார். அண்ணன்மாரே, தாய்மாரே என்று கூட்டத்தை விளித்துத் தொடங்கும் பாட்டு. கொலையோ, வெள்ளமோ, ரயில் கவிழ்ந்த செய்தியோ நடந்த சூட்டிலேயே சிந்தாகிவிடும். கொலைச் சிந்து என்ற பெயர் நிலைத்தது இப்படித்தான். கதை உச்சத்துக்குப் போகும் இடத்தில் பாட்டை நிறுத்திப் புத்தகத்தை நீட்டுவது தொழில் தெரிந்தவரின் கைத்திறன். வாங்கியவர் வீட்டுக்குப் போய், தெருவில் கேட்ட குரலை மனத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பாடினார். எழுத்து தெரியாதவர்கள் தெரிந்த பிள்ளையைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். நேரில் கேட்டது முதலில் வந்தது, அச்சு அதன் ஞாபகக் குறிப்பாகப் பின்னால் வந்தது. இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிவிடுகின்றன.

இந்த முறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்திலும் ஒற்றைத் தாளில் பாட்டை அச்சடித்துத் தெருவில் பாடி விற்றார்கள். அங்கேயும் தாளில் சொல் மட்டும்தான்; இன்ன மெட்டு என்ற குறிப்பு மேலே இருக்கும். 'எல்லோரும் வாருங்கள்' என்று கூட்டத்தை அழைத்துத் தொடங்குவதால் அந்த வகைப் பாட்டுக்கே அந்த அழைப்பு பெயராகிவிட்டது. நம் சிந்துக்காரரின் விளியும் அதுவும் ஒரே தேவையில் பிறந்தவை. டப்ளினில் சோசிமஸ் என்ற பட்டப்பெயரோடு பாடித் திரிந்த கண்பார்வையற்ற மைக்கேல் மோரன் 1846இல் இறந்தார். அவரைப் பற்றிக் கவிஞர் யேட்ஸ் எழுதிய கட்டுரையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நடிகர் ஒருவர் பந்தயம் கட்டி, மோரனைப் போலவே வேடமிட்டுப் பாலத்தில் நின்று பாடுகிறார். கூட்டம் கூடுகிறது. உண்மையான மோரன் அங்கு வந்து சேர, யார் அசல் என்று தகராறு. கடைசியில் நடிகர் சில ஷில்லிங்குகளை அவர் கையில் திணித்துவிட்டுப் போகிறார். ஒரு தெருப்பாடகரின் குரலும் நிற்கும் நிலையும் வேடமிட்டுக் காட்டும் அளவுக்கு ஊர் முழுக்கத் தெரிந்திருந்தன. புகழ் என்பது அங்கே நேரில் கேட்டவர்களின் காதில் இருந்தது.

மறுபடி நம் பக்கம் வருவோம். கம்மாபுரத்துக்குக் கிழக்கே வடலூர். 1867இல் அங்கே தருமச்சாலை தொடங்கிய இராமலிங்க அடிகள் விருத்தத்தோடு நிற்கவில்லை. கண்ணி, கொம்மி என்று வாய்ப்பாட்டு வடிவங்களிலும் ஏராளமாகப் பாடினார். தைப்பூசத்துக்கு வடலூருக்கு நடந்து போகிறவர்கள் அருட்பாவைப் பாடிக்கொண்டே போவதை இன்றும் கேட்கலாம். முச்சந்தியில் கொலைச் சிந்து கேட்ட அதே காதுதான் இதையும் கேட்டது. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தும் அப்படியே நடைவழியில் பரவியது. உயர்ந்தது, தாழ்ந்தது என்று ஆய்வாளர் போடும் கோடு கேட்டவர்களின் நினைவில் இருந்ததற்கான தடயம் மெட்டு வரிகளில் காணவில்லை. பக்திப் பாட்டின் மெட்டில் கொலைக்கதை வரும், நாடகப் பாட்டின் மெட்டில் தெய்வம் வரும்.

நாடகக் கம்பெனிகள் இந்த மெட்டுக் களஞ்சியத்தைப் பெருக்கின. நாடக நடிகர் கிட்டப்பாவின் பாட்டுக்கு 'ஒன்ஸ் மோர்' கேட்ட கூட்டம் தமிழ் ரசிகர் வரலாற்றில் தனி அத்தியாயம். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாட்டுகளைக் கே. பி. சுந்தராம்பாள் பாடினார், அவை இசைத்தட்டிலும் வந்தன. விசுவநாததாஸ் மேடையில் பாடியதற்காகப் பலமுறை சிறை சென்று, 1940 டிசம்பர் 31 அன்று மேடையிலேயே உயிர்விட்டார். 1931 மார்ச் 23இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபின் அவரைப் பற்றிய பாட்டுப் புத்தகங்கள் தமிழிலும் பெருகின; அரசு பலவற்றைத் தடை செய்தது. தடை செய்தது காகிதத்தைத்தான். தெரிந்த மெட்டில் எழுதிய பாட்டை ஒருமுறை கேட்டவனிடமிருந்து எப்படிப் பறிமுதல் செய்வது? இவற்றை விரிவாக ஆராய்ந்த சு. தியடோர் பாஸ்கரனின் நூல் 1981இல் வந்தது.

நடந்ததைச் சூட்டோடு பாட்டாக்கும் பழக்கம் விடுதலைக்குப் பின்னும் அரசியலில் தொடர்ந்தது. 1956 நவம்பர் 23 விடியற்காலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றில் விழுந்து ஏறத்தாழ நூற்றைம்பது பேர் மாண்டார்கள். லால்பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார். விருத்தாசலத்தைக் கடந்து போனபின் கவிழ்ந்த வண்டி அது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ரயில்வே துணை அமைச்சர் அழகேசனுக்கு எதிராக அந்த விபத்தை வைத்துத் தி.மு.க. எழுப்பிய எதுகை முழக்கம் தமிழகம் எங்கும் ஒலித்தது. சிந்துக்காரரின் எதுகையும் விளியும் அதில் அப்படியே இருக்கின்றன.

சினிமா வந்தபோது மெட்டின் இருப்பிடம் மாறியது. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் குஜிலிப் புத்தகத்தின் நேர் வாரிசு. ஆனால் ஒரே குரல், ஒரே வேகம், ஒரே வாத்தியம் என்று மெட்டு இறுகிவிட்டது. தெருப்பாடகர்களும் சினிமா மெட்டுக்கு மாறினார்கள். கடலூர்–விருத்தாசலம் பாசஞ்சர் போன்ற வண்டிகளில் பாடிவந்த கண்பார்வையற்ற பாடகர்கள் பெரும்பாலும் பாடியது சினிமாப் பாட்டுதான். அதை வீழ்ச்சி என்று நான் எழுதமாட்டேன். ரயில் ஓட்டத்தின் தாளத்துக்குப் பாட்டை வளைத்து, பெட்டியில் இருப்பவர்களின் வயதைப் பேச்சிலிருந்தே கணித்துப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை.

ஆய்வாளர்கள் இந்தப் பாட்டுகளைத் தேடி வராமலில்லை. சார்லஸ் கோவர் 1871இலேயே தென்னிந்திய நாட்டுப்பாடல்களைத் தொகுத்தார். பெர்சி மெக்வீன் திரட்டியவற்றை கி. வா. ஜகந்நாதன் 'மலையருவி'யாக 1958இல் பதிப்பித்தார். நா. வானமாமலை கதைப்பாடல்களைக் காப்பாற்றித் தந்தார். இவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் பின்னால் வந்த தொகுப்புகள் பெரும்பாலும் சொல்லைப் பதிந்து மெட்டை விட்டுவிட்டன. அயர்லாந்தில் அச்சுக்கலைஞர் கோல்ம் ஓ லோக்லன் 1939இல் வெளியிட்ட தெருப்பாட்டுத் தொகுப்பில் சொல்லோடு இசையும் இருந்தது. பின்னாளில் டப்ளினர்ஸ் போன்ற குழுக்கள் 1962 முதல் மதுக்கடைக் கூடல்களிலிருந்து உலக மேடைக்குப் போனபோது கேட்பவர்கள் கூடவே பாட முடிந்ததற்கு இத்தகைய தொகுப்புகளும், பாட்டைச் சேகரித்துப் பாடிக் காட்டிய ஃப்ராங்க் ஹார்ட் போன்றவர்களும் துணை. அந்த வேலை இங்கே பெருமளவு மிச்சமிருக்கிறது.

நேரில் கேட்கும் ஆசை மட்டும் வற்றவில்லை. வானொலியில் பாடிய கொல்லங்குடி கருப்பாயியையும் மேடைப் பாடகர் பரவை முனியம்மாவையும் சினிமா பயன்படுத்திக்கொண்டது. மக்களோ அவர்களை மறுபடி ஊர்த் திருவிழா மேடைக்கே அழைத்தார்கள். 2007இல் 'சென்னை சங்கமம்' விழா நாட்டுப்புறக் கலைஞர்களைப் பூங்காவுக்கும் தெருவுக்கும் கொண்டுவந்தது. வடசென்னையின் சாவு வீடுகளில் வளர்ந்த கானா 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் மேடையில் ஏறியபோது ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் கூடினார்கள். 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' என்ற இசைவிழா தொடங்கியது. கைப்பேசியில் எந்நேரமும் கேட்கக்கூடிய பாட்டுக்காகத் தூரத்திலிருந்து பயணம் செய்து வந்து நின்றுகொண்டே கேட்கிறார்கள்.

இனி செய்யவேண்டியதில் ஒன்றை அவசரமானதாகக் கருதுகிறேன். ரோஜா முத்தையா நூலகத்தில் உள்ள குஜிலிப் புத்தகங்களின் நகல்களை, பெரிய எழுத்தில், கம்மாபுரம் போன்ற வட்டாரங்களில் கூத்து ஜமாவோடு பழகிய எழுபது, எண்பது வயதுக்காரர்களிடம் எடுத்துச் செல்லவேண்டும். பாட்டை விளக்கச் சொல்லக் கூடாது. தலைமாட்டில் உள்ள அந்தப் பொடி வரியை மட்டும் படித்துக் காட்டிவிட்டு, பதிவுக் கருவியை வைத்துப் பேசாமல் உட்கார்ந்திருக்கவேண்டும்.