பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

“நயினாதீவைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட…” இப்படித் தொடங்கும் மரண அறிவித்தல்களை நாங்கள் எத்தனை வாசித்திருப்போம்! அவற்றில் முன்கோபக்காரர், கடன் திருப்பாதவர் ஒருவரும் கிடையாது. எழுதுவது பிள்ளைகள் அல்லவா? நாங்களே எழுதினால், “வாழ்நாளில் பாதியைக் குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்து கழித்தவர்” என்று உண்மையைச் சொல்லலாம்.

தன்னுடையதைத் தானே எழுதியவர் குஷ்வந்த் சிங். 1943இல் லாகூரில் இளம் வழக்கறிஞர். தான் இறந்துவிட்டதாகவும், ஊர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்றும் தன்னையே பகிடி பண்ணி ஒரு கதை எழுதினார். பிறகு எழுபது வருடம் வாழ்ந்து, 2014 மார்ச் 20இல் 99 வயதில் தில்லியில் மறைந்தார்.

பிறப்பிடத்தில் மட்டும் அவருக்குப் பகிடி இல்லை. பிறந்த ஊரான ஹடாலி 1947இல் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அவருடைய சாம்பலில் ஒரு பங்கை அங்கே கொண்டுபோய், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெயர்க்கல்லோடு சேர்த்துப் பதித்தார்கள்.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய எங்கள் ஆட்கள் பலர் புத்தளத்தில் மௌத்தானார்கள். ஜனாஸா அங்கேயே அடக்கம். வதிவிடம் தில்லையடி என்று போட்ட அறிவித்தலிலும் யாழ்ப்பாணம்தான் முதலில் வரும்.