உறக்கமும் புற்றுநோய்ச் சிகிச்சையும்

செல்கள் பிரிவதும், கல்லீரல் மருந்தைச் சிதைப்பதும், கார்ட்டிசால் ஹார்மோன் சுரப்பதும் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஏறி இறங்குகின்றன. உறக்கம் இந்த உடற்கடிகாரத்தின் வெளிப்படையான அடையாளம். புற்றுநோய் மருந்து எவ்வளவு பலன் தரும், எவ்வளவு துன்பம் தரும் என்பதில் இந்தக் கடிகாரத்துக்குப் பங்குண்டா என்பது பல ஆண்டுகளாக ஆராயப்படுகிறது.

தமிழ்நாட்டில் உடற்கடிகார ஆய்வின் முன்னோடி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரன். இருட்டுக் குகையில் கூண்டில் அடைபட்ட வௌவால், வெளியே போய்வரும் கூட்டத்தின் நேரத்தையே தன் நேரமாக்கிக்கொண்டதை அவரது குழு 1981இல் காட்டியது.

உடற்கடிகாரத்தைப் பார்த்து மருந்து தருவது குறித்து மருத்துவமனைகளில் பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பியது பிரான்சின் பிரான்சிஸ் லெவி குழு 1997இல் வெளியிட்ட ஆய்வு. பெருங்குடல் புற்றுநோய் பரவிய 186 பேரில் ஒரு பிரிவினருக்கு மருந்து சீரான வேகத்தில் ஏற்றப்பட்டது. மற்றவர்களுக்கு ஃபுளூரோயுராசில் அதிகாலை 4 மணிக்கும், ஆக்சாலிபிளாட்டின் மாலை 4 மணிக்கும் உச்சம் தொடும்படி பம்பில் அமைக்கப்பட்டது. முதல் பிரிவில் 29 சதவீதத்தினருக்கும், இரண்டாவதில் 51 சதவீதத்தினருக்கும் கட்டி சுருங்கியது. கடுமையான வாய்ப்புண் 76 சதவீதத்திலிருந்து 14 ஆகக் குறைந்தது.

ஆனால் 564 பேரிடம் நடந்த அடுத்த ஆய்வு 2006இல் வெளியானபோது, இரு பிரிவினரின் மொத்த ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆண்களுக்கு நன்மை தெரிந்தது. பெண்களுக்கு நிலைமை மோசமானது.

2022இல் சூரிச் ஆய்வாளர்கள் 30 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் அதிகாலை 4 மணிக்கும் காலை 10 மணிக்கும் ரத்தம் எடுத்தனர். ரத்தத்தில் உலவிய புற்றுச் செல்களில் சுமார் 78 சதவீதம் அதிகாலை மாதிரிகளில் இருந்தன. இதனால் உறக்கம் தீங்கானது என்று ஆகாது. ரத்தம் எடுக்கும் நேரம் பரிசோதனை முடிவை மாற்றும் என்பதே நேரடிச் செய்தி.

உறக்கமும் உடற்கடிகாரத் தாளமும் கெட்டவர்களுக்குச் சிகிச்சை பலிக்காதா? பரவிய மார்பகப் புற்றுநோயில், கார்ட்டிசாலின் பகல்-இரவு வேறுபாடு மழுங்கியவர்கள் முன்னதாக இறந்ததை 2000இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு கண்டது. நோய் முற்றியதால் தாளம் கெட்டதா, தாளம் கெட்டதால் நோய் முற்றியதா என்பதை இத்தகைய ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல முடியாது.

முஸ்லிம்கள் அதிகம் வாழும் கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் ரமலான் மாதம் உறக்க நேரத்தையே மாற்றிவிடுகிறது. தராவீஹ் தொழுகை முடிந்து படுப்பவர்கள் ஸஹர் உணவுக்காக விடியுமுன் எழுகிறார்கள். கீமோ எடுப்பவர் நோன்பு வைக்காவிட்டாலும், வீட்டின் இந்த மாற்றத்தையும் மாத்திரை நேரத்தையும் மருத்துவரிடம் சொல்வது அவசியம். வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். அதைக் காலையில் தருவதே பெரும்பாலும் வழக்கம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு, தூக்க மாத்திரைக்கு முன்பு, பழக்கங்களைத் திருத்தும் நடத்தைச் சிகிச்சையையே மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன.