வில்லுப்பாட்டு அழவைக்கும், பிறகு?

ராதாபுரம் பக்கத்துச் சுடலைமாடன் கொடைகளில், உடுக்கும் குடமும் வில்லோடு சேரும் நடுச்சாமத்தில் தூக்கம் கலைந்து உட்கார்ந்தவர்கள் நாம். இந்தத் தெற்குச் சீமை வில்லுப்பாட்டில் நம் மக்களின் கதை ஒன்று உண்டு: முத்துப்பட்டன் கதை.

பார்ப்பனரான முத்துப்பட்டன், அருந்ததியர் வீட்டுப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்புகிறான். அவர்களுடைய தகப்பன் வாலப்பகடை நிபந்தனை போடுகிறார்: பூணூலை அறு, குடுமியை வெட்டு, செருப்புத் தைத்துக் காட்டு. செய்கிறான். மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்ச் சாகிறான். பெண்கள் இருவரும் தீப்பாய்கிறார்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயன். காணிக்கை, தோல் செருப்பு! தோலைத் தீட்டு என்றவர்களும் சுமந்துபோய்க் கட்டுகிறார்கள்.

இந்தப் பாட்டுக்கு அழாத சாதி கிடையாது. ஆனால் அழவைத்த பாட்டுக்குள்ளேயே ஒரு வேலை நடந்திருக்கிறது. அந்தப் பெண்கள் காட்டில் கிடைத்த பார்ப்பனக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு பகுதி வருகிறது. கதையைப் பதிப்பித்த நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை அதைப் பிற்காலச் செருகல் என்றார். அழுகிறவர்களுக்கு உறுத்தாமல் இருக்க வேண்டுமே!

2025 ஜூலை 24 ஆடி அமாவாசை, அந்தக் கோயிலின் பெரிய திருவிழா. மூன்றாம் நாள் பாளையங்கோட்டையில், வேறு சாதிப் பெண்ணை நேசித்த தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

அடுத்த கொடையில் முத்துப்பட்டன் கதை பாடினால், விடியும்வரை இருங்கள் தோழர்களே. பொம்மக்கா யார் வீட்டுப் பெண் என்று பாடுகிறார்கள்? வில்லடிக்கிறவரிடமே கேளுங்கள்.