கெட்ட மரக்கலத்தில் நாலத்தொன்று

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல் உண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தமிழில் பொறிப்பித்த ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1963இல் வெளியிட்டார். அதன்படி பரதேசிகள் (வெளிநாட்டார்) ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் உண்டு. பிறகு கணக்கு வருகிறது. யானை, குதிரை கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு (அரசுக் கருவூலத்துக்கு), மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கலமானால் செம்பாகம், சரிபாதி.

கலம் எப்படிக் கெட்டது என்று கல் கேட்கவில்லை. பாரில் (கடலடிப் பாறையில்) ஏறியதோ, புயலோ, இருட்டில் மற்றொரு கலம் இடித்ததோ, தண்டையல் (கலத்தலைவன்) தூங்கிவிட்டானோ, எல்லாம் ஒன்றுதான். ஏற்றிவந்தது என்ன என்பதே கேள்வி.

இன்றைய கடற்சட்டம் இதற்கு நேரெதிர், காரணத்தைத் துருவும். 1918இல் போர்க்காலக் கட்டளைப்படி விளக்கணைத்து ஓடிய ‘பீட்டர்ஷாம்’, அவ்வாறே இருளில் வந்த ‘செர்ரா’ என்ற ஸ்பானியக் கப்பலோடு மோதியது. அதே ஆண்டு, கடற்படைக் காவலோடு அணியில் சென்ற ‘மட்டியானா’ மத்தியதரைக் கடலில் பாரில் ஏறியது. நம்மவர் பினாங்கு போய்வந்த ‘ரஜூலா’வை ஓட்டிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்தான் இதுவும். இழப்பு போரால் வந்தது என்றால் போர் ஆபத்தை ஏற்றவர் தலையில், கடலால் வந்தது என்றால் கடல் ஆபத்தை ஏற்றவர் தலையில். இரு வழக்குகளிலும் பிரிட்டனின் பிரபுக்கள் சபை கடல்மீதே பழியைப் போட்டது: விளக்கில்லாமல் ஓடுவதும் அணியில் ஓடுவதும் அந்த அளவிலேயே போர்ச்செயல் ஆகிவிடா. கட்டளையிட்டவன் தப்பிக்கொண்டான் என்றுதான் எனக்குப் படுகிறது.

பராக்கிரமபாகு இந்த விஷயத்தில் வெளிப்படையானவன். யானை, குதிரைக் கலங்களைச் சொல்லும்போது ‘நமக்கு’ என்ற சொல்லைக் கல் ஒளிக்கவில்லை. கலம் கெட்டால் பாதி பண்டாரத்துக்குப் போய்விடும் என்ற பயத்தில் குதிரை வணிகன் வேறு துறைக்குத் திரும்பிவிட்டால் நட்டம் படைக்கு. பண்டாரம் கால் பங்கோடு அடங்கியது இரக்கத்தால் அல்ல என்பது என் கணிப்பு.

படை வெறும் பேச்சல்ல. பாண்டிய நாட்டுப் போருக்காக அவன் கப்பல் கட்டி ஆள்திரட்டிய இடங்களைச் சோழன் இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுக் கல்வெட்டு வரிசைப்படுத்துகிறது; மாதோட்டத்தோடு ஊராத்துறையும் அதில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டைக் குலைக்கச் சோழர் தரப்பு படை அனுப்பியது. பிடித்துக்கொண்டு போனவற்றில் யானைகளும் இருந்தன.